ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம்

எங்கள் விளையாட்டின் மொத்த நீளம் அது.
பனி அள்ளும் மஞ்சள் வண்டி, ஒரே ஓர் இரவு,
விடிவதற்குள் ரொட்டி வண்டிக்கு வழி திறக்க வேண்டும்.
சுடுவதற்கு யாரும் இல்லை.
ஒய்லி நான்கு வருடம் வரைந்தாள்.
நான் ஒலி.
பனிமேல் இரும்புத் தகடு உரசுவதைப் பிடிக்க
ஹெர்வந்தா பேருந்து நிறுத்தத்தில்
மைக்கை நீட்டியபடி முப்பத்தொரு இரவு நின்றவன்.

பெரிய கடையில் நவம்பர் மாதச் செவ்வாய், மாலை ஏழு.
அன்று மட்டும் அங்கே ஐம்பத்திரண்டு விளையாட்டுகள்
கடை விரித்தன.
முதல் போணி ஒய்லியின் தம்பி.
இரண்டாவது, பெயர் தெரியாத யாரோ.
ஒய்லி எழுந்து போய்
அழுக்கில்லாத ஜன்னலைத் துடைத்தாள்.

நூற்றுக்கு முப்பது கடைக்கு,
பிறகு வரி, பிறகு வங்கி.
அது தெரிந்ததுதான். அடி விழுந்தது வேறிடத்தில்.
இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பினால்
பணம் வாபஸ் என்பது அந்தக் கடையின் சட்டம்.
நல்ல சட்டம், நானே பயன்படுத்தியிருக்கிறேன்.
எங்கள் இரவோ
பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே விடிந்துவிடுகிறது.
ஒருவர் எழுதியிருந்தார்:
'கடைசித் தெருவில் அழுதுவிட்டேன்.'
கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருந்தது.
பக்கத்திலேயே பொடி எழுத்தில்:
பணம் திருப்பப்பட்டது.

'இன்னொரு தெரு சேர்ப்போம்,
பன்னிரண்டு நிமிடத் தெரு, யாருக்கும் உறைக்காது' என்றேன்.
ஒய்லி காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
'ரொட்டி ஆறிடும்.'

டிவிக்குக் கீழே வைக்கிற பெட்டிக்கு ஒரு கடை உண்டு.
எழுபத்து நான்கு பக்கம் விதிமுறை அனுப்பினார்கள்.
கைக்கருவியில் பேட்டரி தீர்ந்தால்
வண்டி நிற்குமா, ஓடுமா?
ஓடியது. திருப்பி அனுப்பினார்கள்.
நிறுத்தினோம். எழுத்து சிறியது என்று
மறுபடி திருப்பினார்கள்.
மூன்றாம் முறை உள்ளே விட்டபோது
தம்பேரேயில் ஏரி உருகியிருந்தது.
மே மாதத்தில் பனி விற்றோம்.
பிரேசிலில் கொஞ்சம் போனது, ஏனென்று தெரியாது.

கைபேசிக் கடையில்
எங்களுக்கு முன்பே நாங்கள் இருந்தோம்.
அதே மஞ்சள் வண்டி, இலவசம்,
ரொட்டிக்குப் பதில் வைரம்,
தெருமுனைக்கு ஒரு விளம்பரம்.
பத்து லட்சம் பேர் இறக்கியிருந்தார்கள்.
காதை ஒட்டிக் கேட்டேன்.
உரசல் என்னுடையது.
பதினேழாம் இரவு அது, தூரத்தில் ஒரு நாய் இருமும்.
இருமியது.
கோபப்படத்தான் நினைத்தேன்.
பத்து லட்சம் பேர் அந்த நாயைக் கேட்டிருக்கிறார்கள்
என்ற எண்ணம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.
வக்கீல் மணிக்கு நூற்றெண்பது யூரோ என்றார்.

சின்னக் கடை கடைசி.
அங்கே கடைக்கு எவ்வளவு தரகு என்பதை
விற்கிறவரே சொல்லலாம்.
சுழி போட ஒய்லிக்குக் கூச்சம், பத்து போட்டாள்.
கூட்டம் கிடையாது, கூவி அழைக்க ஆள் கிடையாது.
எட்டு மாதத்தில் இருநூற்றுப் பதினாலு பிரதிகள்.
நான்கு யூரோ விலைக்கு ஒருவர்
நாற்பது கொடுத்திருந்தார்.
கை தவறி ஒரு சுழி சேர்ந்ததா என்று எழுதிக் கேட்டோம்.

'இல்லை.
கடைசித் தெருவில் அழுதுவிட்டுத் திருப்பியவன் நான்.
அந்த மாதம் வாடகை இடித்தது.
நாலு உங்களுடையது, மீதி வட்டி.
ஒன்று சொல்ல வேண்டும்,
ஏழாம் தெருவில் மூன்றாம் விளக்கு எரிவதில்லை.
சரி செய்யுங்கள்.'

ஒய்லி இரண்டு முறை படித்தாள்.
அது பிழை இல்லை.
எங்கள் தெருவிலும் மூன்றாம் விளக்கு எரியாது,
பார்த்து அப்படியே வரைந்தது.
நான்கு வருடம் அதன் இருட்டை
இழைத்து இழைத்துச் சரி செய்தவள்
ஒருமுறைகூட யாரிடமும் புகார் சொன்னதில்லை.

அன்றிரவு அவள் விளையாட்டில் கை வைக்கவில்லை.
நகராட்சிக்கு மூன்று வரி எழுதினாள்:
தெருப் பெயர், கம்பத்தின் எண், வணக்கம்.
பிறகு அலாரம் வைத்துப் படுத்தாள்.
ஐந்தரைக்கு அவளுக்கு
அஞ்சல் பிரிக்கிற வேலை.