பதினோரு திருகாணிகள்

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய
வைஃபை அட்டை, நகத்தளவு.
மடிக்கணினியைக் குப்புறப் போட்டு
பதினோரு திருகாணிகளையும்
இட்லித்தட்டுக் குழிகளில் பிரித்து வைத்தேன்.
கறுப்பு நரம்பு ஒன்று, வெள்ளை ஒன்று.
மின்விசிறியை நிறுத்தி
மூச்சையும் நிறுத்தி
அழுத்த,
டிக்.

டிரைவர் இல்லை,
இணையத்தில் இறக்கிக்கொள் என்றது திரை.
கிணற்றில் விழுந்தவனை
மேலே வந்து கயிறு வாங்கிப்போகச் சொல்கிறது.

பெரம்பூர் வந்த ஏழு மாதத்தில்
முதன்முறை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
மெஹராஜ் பேகம் ஈரக்கையைத் துடைத்து
பென்டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நள்ளிரவில் விரிந்தது பட்டியல்:
பதினான்கு பெயர்கள். ஒன்று என்னுடையது.
இன்னொன்று, சிக்னல் முழுசாய்,
யாருடையது என்று இப்போது தெரியும்.

காலையில் மாவு ஊற்றப்போனால்
குழியில் ஒரு திருகாணி.