கோசோங்

சனிக்கிழமை மாலை ஜெலுத்தோங்கிலிருந்து அழைப்பு.
"மிஸ், பலகையில் ஐந்நூற்று முப்பத்தைந்து
காலி இடம் என்று எரிகிறது."
அந்தக் கட்டடத்தில் இருப்பதே இருநூற்று நாற்பது.

மீ கோரெங்கைப் பாதியில் விட்டு எழுந்தேன்.
எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது:
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து.
பலகைக்கு மூன்று இலக்கம்தான்,
தலையை விழுங்கி வாலைக் காட்டுகிறது.

எழுதியவள் நான்.
காலி இடத்தின் கணக்குக்குக் குறியில்லா முழுஎண், பதினாறு பிட்.
இடம் எப்படி மைனஸில் போகும்?
கழித்தல் குறிக்கு ஒரு பிட் கொடுக்க மனம் வரவில்லை.
மிச்சம் பிடித்த அந்த பிட்டில்
என்ன, பாயான் பாருவில் வீடா வாங்கிவிட்டேன்?

மழை. தலைக்கவசத்துக்குள்ளும் மழை.
தடுப்புக்கட்டை அருகே குடையில்லாமல் தில் பகதூர்.
மலாயில் சொன்னார், நேப்பாளம் கலந்து:
சுழியம் வந்ததும் கட்டை இறங்கியது, சரியாகத்தான்.
அப்புறம் ஒரு வெள்ளை மைவி.
பின்சீட்டில் காய்ச்சலில் துவண்ட பிள்ளை,
இரண்டாம் மாடியில் கிளினிக்.
சாவி போட்டுக் கையால் தூக்கிவிட்டேன், மிஸ்.

தரைக்கடியில் கம்பிச்சுருள் தன் வேலையைச் செய்தது:
ஒன்று கழி.
சுழியத்துக்குக் கீழே படி கிடையாது அந்த எண்ணுக்கு.
காலை வைத்தது,
உச்சி மாடியில் போய் நின்றது.
ஒரு மைவிக்கு இடமில்லாத கட்டடம்
ஊருக்கே இடமுண்டு என்று பச்சை காட்ட,
கட்டை தானாகவே ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது 521.
சரிவுப்பாதையில், குப்பைத்தொட்டி ஓரம், மஞ்சள் கோட்டின்மேல்
பதினைந்து கார், ஒன்றன் முதுகில் ஒன்று.

முதலில் கட்டையைப் பூட்டச் சொன்னேன்.
காவல்கூண்டின் மேசையில் மடிக்கணினி.
சுழியமாக இருந்தால் கழிக்காதே: ஒரே வரி.
அடித்துவிட்டேன். அனுப்பவில்லை.

ஏனென்றால் அந்த வரிக்கு
இந்தப் பதினைந்து பேரும் வராதவர்கள்.
இவர்கள் வெளியேறும்போது
பதினைந்து இடம் காலி என்று அது சத்தியம் செய்யும்;
காலியாவது சரிவுப்பாதை மட்டும்.
பொய் எண்ணோ ஒருவரையும் மறக்கவில்லை.
ஐந்நூற்று முப்பத்தாறில் ஐந்நூற்று இருபத்தொன்று போக
பதினைந்து. எண்ணிப் பார்த்தேன், சரி.

வரியை அழித்தேன்.
பிட்டைக் கொடுத்துவிட வேண்டியதுதான்;
உள்ளே மைனஸ் பதினைந்து வரை, ஐம்பது வரைகூடப் போகட்டும்,
பலகை மட்டும் சுழியம் காட்டட்டும்.
ஆனால் இப்போது ஏற்றினால் கையிலிருக்கும் கணக்கு போய்விடும்.
காத்திருந்தோம்.
தில் பகதூர் பிளாஸ்டிக் பையில் தே தாரிக் வாங்கி வந்தார்,
ஒன்றில் எனக்கு, ஒன்றில் தனக்கு.

522.
வெகுநேரம் 522.
வெள்ளை மைவி போனபோது 529, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.
533. 534.
ஒன்பதே கால் மணிக்கு 535,
பலகை இன்னும் தாராளமாய்ப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பழைய புரோட்டோன் சாகா, ஒரு விளக்கோடு,
கம்பிச்சுருளைக் கடந்தது.
000.

"கோசோங்," என்றார் தில் பகதூர்.
மலாயில் அது சுழியம். காலி என்பதும் அதுதான்.
எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை.
பையின் அடியில் தேநீர் ஆறிப்போயிருந்தது,
குடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.