அருவிச் சத்தம்

பண்ணைக்காட்டுக்குக் கீழே மூன்றாவது வளைவில்
நான் கேட்காமலே விசில் கொடுத்தார் கண்டக்டர்.
மாலையும் பையுமாய் ஏறுகிறவர்கள்
இங்கேதான் இறங்குவார்களாம்.

இடுப்பளவுக் கோயில்.
மின்கம்பத்துக்கு அடித்து மீந்த சில்வர் பெயிண்ட்.
வேலப்பன், லைன்மேன்.
தேதியைச் சாரல் தின்றுவிட்டது.
உன் கட்டிங்பிளேயரைச் சிமெண்டில் பதித்துக்
குங்குமம் வைத்திருக்கிறாள் பாண்டீஸ்வரி.

சூடத்துக்கு நாலு குச்சி வீண்.
ஐந்தாவதில் பீடியைப் பற்றவைத்து
உனக்கு வைத்தேன்; அதுவும் நமுத்துப்போனது.
மலைவாழைப்பழத்தைக் குரங்கு வாங்கிக்கொண்டு
தோலைத் திருப்பித் தந்தது.

ஏழு வருஷமாக ஒரே பதில்தான்.
விசாரணைக்கு வந்த ஏ.இ.யிடம்,
போலீஸிடம், பாண்டீஸ்வரியிடம்,
ராத்திரி மூன்று மணிக்கு என்னிடமே:
கம்பத்திலிருந்து "போடாதே" என்று நீ கத்தியது
கேட்கவில்லை.
சுவிட்ச் பக்கம் நின்றேன். அருவிச் சத்தம்.
எல்லாரும் நம்பினார்கள்.
அருவியைப் பார்த்தவர்கள்
உடனே நம்பினார்கள்.

கும்பிடக் கை எடுக்கிறேன்.
மேலே ரோட்டோரம் வேனில் சாய்ந்தபடி
யாரோ ஒருத்தி தன் பிள்ளையைப் பார்த்துக் கத்துகிறாள்:
"போகாதே!"

ஓர் எழுத்தும் நனையாமல்
வந்து சேர்கிறது.