ஒன்பது பத்து

இந்த வாரம் இரண்டு மனு.
ஒன்று சிவப்பு மையில், தொழிற்சங்கத்துத் துரைக்கண்ணு கொண்டுவந்தது:
பதினேழு ஏ-யின் இரவு நடையைத் தனியாருக்குத் தாரைவார்க்காதே.
இன்னொன்று பூமாதேவி பஸ் முதலாளியின் மச்சினர்
கடை வாசலில் வைத்தே நீட்டியது, கூடவே ஒரு ரவா லட்டு:
எங்களுக்கு பெர்மிட் கொடுத்தால் ஊருக்கு நல்லது.
லட்டைத் தின்றுவிட்டேன்.
கையெழுத்து இரண்டிலும் போடவில்லை.

மேலராஜவீதியில் ஜவுளிக்கடை.
எட்டே முக்காலுக்குக் கடைசிப் புடவையை மடிக்கிறோம்,
வாங்காமல் போனவர்கள் தொட்ட இடம்
தெரியாதபடி.
பிறகு ஓட்டம், பாலத்து நிறுத்தம் வரைக்கும்,
நானும் மும்தாஜும் கோமளவல்லியும்.

பதினேழு ஏ-யில் எங்களுக்குக் காசில்லை.
சீட்டு உண்டு,
பூஜ்யத்தை அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பார்கள்.
மாசம் எண்ணூற்றுச் சொச்சம் மிச்சம்.
அதுதான் மகளுடைய டைப்பிங் கிளாஸ், பொய் சொல்லக்கூடாது.
ஆனால் பொம்பளைகள் மட்டும் நின்றால்
அந்த வண்டிக்குக் கண் தெரிவதில்லை.
ஐம்பது அடி தள்ளிப் போய் நிற்கும்.
ஓடி ஏறினால் பின்சீட்டில் ஒருத்தன்
"ஓசீ..." என்பான், பாட்டு மாதிரி இழுத்து.

ஜன்னலுக்கு மேலே எழுதியிருக்கிறது:
இது உங்கள் சொத்து.
ஐப்பசியில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில்தான் ஒழுகும்.
என் சொத்து என் தலையில் சொட்டச் சொட்ட
வீடு வரைக்கும் வந்திருக்கிறேன்.

பூமாதேவியில் பதினாறு ரூபாய்.
கண்டக்டர் ஜெயசீலனுக்கு என் பேர் தெரியாது,
நிறுத்தம் தெரியும்.
"ரைஸ்மில் அக்கா, எறங்கு."
ஒருநாள் சம்பளக் கவரை சீட்டிலேயே விட்டுவிட்டேன்.
மறுநாள் காலை கொண்டுவந்து கொடுத்தான்,
ஸ்டேப்ளர் பின் பிரியாமல்.
அவனுக்குப் பேட்டா வசூலைப் பொறுத்து.
டிரைவருக்கோ முன்னால் போகிற வண்டியின் முதுகுதான் ரோடு.
வளைவில் பாமணி ஆறு
ஜன்னல் வரைக்கும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.
கோமளவல்லி கண்ணை மூடிக்கொள்வாள்.
கேட்டால் தூக்கம் என்பாள்.

புயலுக்கு மறுநாள் தொடங்கி
பூமாதேவி ஷெட்டை விட்டு வரவில்லை.
வசூல் இருக்காது, முதலாளிக்கும் தவணை உண்டு,
அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.
நாலாம் நாள்
படுத்துக் கிடந்த தென்னைகளைச் சுற்றிக்கொண்டு
பதினேழு ஏ வந்தது, முன்கண்ணாடி இல்லாமல்,
டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு.
யாரும் ஏறவில்லை. எங்கே போவது?
காலியாக வந்து காலியாகத் திரும்பிப் போனது.
ஆனாலும் அது போன பிறகுதான்
நான் துடைப்பத்தை எடுத்தேன்.

சித்திரையிலிருந்து அதே வண்டிக்கு இரவு நடை இல்லை.
வண்டி இருக்கிறதாம், டீசல் இருக்கிறதாம்,
ஆள்தான் எடுக்கவில்லையாம்.
துரைக்கண்ணு மனுவில் அது கடைசி வரி, பொடி எழுத்து.
மச்சினர் மனுவிலோ
கட்டணம் என்று போட்டு ஒரு கோடு,
கோட்டின் மேல் ஒன்றுமில்லை.
தற்காலிகம் என்று பூமாதேவி ஓடுகிறது,
கூட்டம் இருக்கிற நாளில்.
டைப்பிங் கிளாஸ்
இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்.

"யாருதா இருந்தா ஒனக்கென்னடி?"
மும்தாஜ் கேட்டாள்.
இருக்கிறது என்று தோன்றியது, சொல்லத் தெரியவில்லை.
மனு கொண்டுவந்த இரண்டு பேரும்
பைக்கில் வந்தார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது இருபத்தஞ்சு.
தை மாசத்துப் பனி பாலத்துக் கட்டையில் பிசுபிசுக்கிறது.
சிவப்பு மைப் பேப்பரை மடித்து உட்கார்ந்திருக்கிறாள் கோமளவல்லி.
மற்றதை நான்.

தூரத்தில் விளக்கு தெரிகிறது, இரண்டு,
மெதுவாக.
பூமாதேவி இவ்வளவு மெதுவாக வராது.
பதினேழு ஏ-யாக இருக்கலாம், அதிசயமாக.
நெல் அறுக்கிற மெஷினாகவும் இருக்கலாம்.
எழுந்து நிற்கிறோம்,
மூன்று பேரும் கொஞ்சம் ரோட்டுக்குள் இறங்கி.