ஏழு கிலோ

பத்திரத்தில் அவளுக்கு ஆறு சொல் நீளத்தில் ஒரு பெயர்.
அப்படி நான் கூப்பிட்டதேயில்லை.
ஒலிபெருக்கிக்காரர்கள்தாம் சொல்வார்கள்,
நான்காம் சொல்லில் தடுக்கி விழுந்து.
வீட்டில் போட்சா.
மே மாதம் தண்டவாளத்தோரம்
கொத்துக் கொத்தாய் வெளுத்து நிற்குமே, அந்தப் புதர்.

கொமொண்டோர் நாய்க்குச் சீப்பு ஆகாது.
ரோமம் தானே திரிந்து சடையாகும்.
ஒன்றோடொன்று ஒட்டும் சடைகளை
வேர்வரை விரலால் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்பது
ஒன்பது வருடம், தினமும், ராத்திரிச் செய்தி முடியும்வரை.
வயிற்றை முடித்து வாலுக்கு வருவதற்குள்
வயிறு மறுபடி சிக்கியிருக்கும்.

குளிப்பாட்டினால் காய இரண்டு நாள்.
மூன்று மின்விசிறி.
ஈரக் கம்பளி நாற்றம் சமையலறை தாண்டியதும்
எதெல்கா தலையணையை இடுக்கிக்கொண்டு
தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.
"காயட்டும்.
நாயா நானா என்று வந்து பேசிக்கொள்ளலாம்."
வருவாள். பேசமாட்டாள்.
கையில் ஒரு பொட்டலம் கோழிக் கழுத்து இருக்கும்,
எனக்கல்ல.

செகெட்டில் ஜெயித்தோம். கிராட்ஸில் ஜெயித்தோம்.
லுப்லியானாவில் அடைமழை.
வண்டியிலிருந்து அரங்குவரை
அவளைத் தூக்கிக்கொண்டே போனேன்,
சேறு பட்டால் இன்னும் இரண்டு நாள் ஆயிற்றே.
"கல்யாணப் பெண்ணா?" என்று சிரித்தான்
பக்கத்துக் கூண்டு டால்மேஷன்காரன்.
பிறகு ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான்.

நடுவர் ஒரு ஸ்வீடன் நாட்டு அம்மாள்.
சடைக்குள் முழங்கைவரை கைவிட்டு,
கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிற மாதிரி
நெடுநேரம் துழாவினாள்.
நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்:
"உள்ளே யாரோ இருக்கிறார்கள்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பெரிய கோப்பை எங்களுக்குத்தான்.

பிறகு அந்தக் கட்டி.
"முழுவதும் மழித்தாக வேண்டும், கெல்லேர்ட்" என்றார் டாக்டர் வில்மா.
வயிற்றில் மட்டும் போதாதா என்று கேட்டேன்.
ஏப்ரலில் வியன்னா இருக்கிறது என்றும் சொன்னேன்.
டாக்டர் பதில் சொல்லவில்லை,
பொறியின் ஒயரைச் சொருகப் போய்விட்டார்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பொறி. ஒன்றரை மணி நேரம்.
வெட்ட வெட்ட
நாய் குறைந்துகொண்டே வந்தது.
கடைசியில் மேசைமேல் மிஞ்சியது
சாம்பல் தோலும் விலா எலும்புமாய்
யாரோ ஒருத்தி.
தோளில் ஒரு தழும்பு, ஆறிப் பல வருடமான தழும்பு.
எப்போது பட்டது, எதில் பட்டது?
சடை ஒவ்வொன்றையும் இருட்டிலும் அடையாளம் சொல்வேன்,
இதைத் தெரியாது.

கண்கள் கறுப்பென்றே நினைத்திருந்தேன்,
படிவங்களில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.
பழுப்பு.
இடது கண்ணில் மட்டும் ஓரமாய் ஒரு தேன்துளி.
நேராக என்னைப் பார்த்தாள்.
அவளுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

அப்புறம் பதினோரு மாதம்.
தபால்காரர் "புது நாயா?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன்,
பின்னால் போய் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தேன்.
எதெல்காவின் பழைய பச்சை ஸ்வெட்டர் அவளுக்குச் சரியாக இருந்தது.
ஒருநாள் அலமாரியில் உப்பை எட்டக் கை உயர்த்தினேன்,
சட்டென்று நின்றாள்:
முன்கால் நேர், கழுத்து நிமிர்வு, வால் அசையாமல்,
ஸ்வெட்டரோடு.
உப்பு வேண்டாமென்று கையைக் கீழே விட மனமில்லை.
அப்படியே நின்றோம், சூப் பொங்கி வழியும்வரை.

வெட்டிய சடையை உருளைக்கிழங்குத் தராசில் போட்டால் ஏழு கிலோ.
கோப்பைகள் மேல்தட்டில், துடைப்பாரில்லை.
சடையில் கொஞ்சத்தை எதெல்கா
கிழிந்த காலுறையில் திணித்துத் தைத்து
சமையலறைக் கதவடியில் போட்டிருக்கிறாள்,
ஜனவரிக் காற்றுக்கு.
நான் தாண்டித்தான் போகிறேன்.
அவள் காலால் மெல்லத் தள்ளி,
கொஞ்சம் நகரு, என்கிறாள்.