தொண்ணூற்றைந்து வாட்

எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

பக்கப் பலகை தொலைந்த ஒரு பெட்டி,
பழைய மழைக்கோட்டின் கீழ்
இரண்டு குளிர்காலம் கிடந்த மதர்போர்டு,
ஜோடி சேராத இரண்டு ராம் குச்சிகள்,
வேகம் கூடினால் தும்முகிற மின்விசிறி.
மேசையில் பரப்பிவைத்த மிச்சங்களைப் பார்த்து
லேலோ சொன்னாள்:
லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கப் போகிறாய்.

குதிரை இல்லை, என்றேன்.
தலை மட்டும்.

தார்த்து நகரில் ஜனவரி.
ஆற்றின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.
சைக்கிளைப் பழுதுபார்க்க ஒருவரும் வராத மாதம்.
பட்டறையில் ஹீட்டரைப் போட்டால்
அது என் சம்பாத்தியத்தைக் குடிக்கும்;
போடாவிட்டால் ஸ்பேனர் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.
கணக்கு எழுத, உதிரி பாகங்களின் எண் தேட
இங்கே ஒரு கணினி வேண்டும் என்பது
எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.
வீட்டில் நல்லதாகவே ஒன்று ஓடுகிறது.

ஊர்மஸின் கடையில் பிராசஸர்கள்
முட்டை அட்டையில் கிடக்கின்றன,
குழிக்கு ஒன்று.
ஒரு காலத்தில் இவற்றின் பெயர்களை
வீட்டு விலை போலக் குரல் தாழ்த்திச் சொன்னோம்.
இப்போது பென்சிலில் எழுதிய விலை:
ஆறு யூரோ. ஒன்பது யூரோ.

ஆறு என்பது இரண்டு கோர், முப்பத்தைந்து வாட்.
சாது, என்றான். மீட்டருக்கே தெரியாமல் ஓடும்.
ஒன்பது என்பது நான்கு கோர், தொண்ணூற்றைந்து வாட்.
அடுப்பு, என்றான், விரல்களை உதறி.
உன்னைப் போன்றவனுக்கு ஆறே போதும்.

என்னைப் போன்றவன் என்றால்?
அவன் வேறு யாருக்கோ கேபிள் அளக்கப் போய்விட்டான்.

இரண்டையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன்.
எடையில் பேதமில்லை.
ஒன்பதின் முதுகில் யாரோ ஊசியால் கீறியிருந்தார்கள்,
ஓர் எழுத்து, பாதி அழிந்தது.
எந்த அலுவலகத்தில், யாருடைய அவசரத்துக்கு
ஓடிக் களைத்ததோ.
சிலிக்கானில் களைப்பு தங்காது, என்றான் ஊர்மஸ் திரும்பிவந்து.
விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

ஆறைத்தான் வாங்கினேன்.
பஸ் நிறுத்தத்தில் பதினெட்டு நிமிடம் நின்றேன்,
மைனஸ் பதினாறு.
அடுப்பு என்ற அந்த ஒரு சொல்
கையுறைக்குள் கூடவே வந்திருந்தது.

திரும்பிப் போனேன். மாற்றிக் கொடு.
கோடையில் அழுவாய், என்றான்.
கோடையில் கதவு திறந்திருக்கும், என்றேன்.

சாக்கெட்டில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிக்கால்கள்.
அவற்றில் ஒன்று மட்டும் வணங்கி நின்றது.
லேலோ டார்ச்சைப் பிடித்தாள், மூச்சையும் பிடித்தாள்.
தையல் ஊசியால் அதை நிமிர்த்த
ஒரு தேநீர் ஆறும் நேரம்.
பட்டாணி அளவு பசை. மேலே விசிறி.
பொத்தானை அழுத்தினேன்.

சுற்றியது. நின்றது.
சுற்றியது. நின்றது.
ராம் குச்சிகளுக்குள் பகை.
சின்னதைப் பிடுங்கியதும் திரை விழித்து
தேதி சொன்னது:
இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜனவரி ஒன்று.

அன்றைக்கு எனக்கு லேலோவைத் தெரியாது.
இந்தப் பட்டறை ஒரு மீன் கிடங்கு.
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
பேட்டரி செத்திருக்கிறது, என்றாள்.
ஒரு யூரோ இருபது.

இன்னும் வாங்கவில்லை.
சும்மா இருந்தால் அது சூடாவதில்லை என்பதால்
சதுரங்கம் ஆட விட்டிருக்கிறேன், தன்னோடு தானே.
அதன் தலைமேல் வைத்த செயின் எண்ணெய்
மதியத்துக்குள் இளகிவிடுகிறது.

நேற்றுத் தபால்காரர் கவுப்போ
கையெழுத்து வாங்க வந்தவர்
கையுறையைக் கழற்றி
பெட்டியின் பின்புறம் கையை நீட்டினார்.
யார் ஜெயிக்கிறார்கள்?

குனிந்து பார்த்தேன்.
வெள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

யோசிக்கட்டும், என்றார்,
மறு கையையும் நீட்டி.