கம்பிப் பதம்

காலை நாலே முக்கால்.
எழாமல், பேசாமல், போர்வைக்குள்ளேயே
நாக்குக்கடியில் தெர்மாமீட்டர்.
கோத்தகிரி முழுக்க ஆனி மாத மூடுபனி.
எனக்குத் தொண்ணூற்றேழு புள்ளி மூன்று.

காலண்டர் தாளின் பின்பக்கம் குறிக்கிறேன்.
முன்பக்கத்தில் ராகு காலம், கரிநாள், கௌரி நல்ல நேரம்.
என் நாளை மட்டும்
எந்த அச்சகமும் அடிக்கவில்லை.

பதினாலாம் நாள் என்றது ஆஸ்பத்திரிச் சீட்டு.
என் உடம்பு அந்தச் சீட்டைப் படிக்கவில்லை.
ஒரு மாதம் பன்னிரண்டு, ஒரு மாதம் பத்தொன்பது.
சூடு ஏறினால் முட்டை வெளியேறியாயிற்று என்று அர்த்தம்.
அதாவது, பஸ் போன பிறகு
ஸ்டாண்டில் நின்று நேரம் சொல்கிற ஆள்
இந்தத் தெர்மாமீட்டர்.

முன்கூட்டிச் சொல்வது வேறு.

நேற்றுவரை பசை.
இன்று கழிவறையில், தகரக் கதவைக் காற்று தட்டத் தட்ட,
கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே
தெளிந்து, வழுக்கி,
அறாமல் நீள்கிறது.
முட்டை வெள்ளைக்கரு மாதிரி என்றாள் நர்ஸ் எஸ்தர்ராணி.
எனக்கு முட்டை வாடை ஆகாது.
அதிரசத்துக்குப் பாகு பார்த்த கை இது;
கம்பிப் பதம் என்கிறேன்.

இடப்பக்கம், இடுப்பெலும்புக்கு உள்ளே
யாரோ நகத்தால் சுண்டிவிட்டுப் போகிறார்கள்.
போன மாதம் வலப்பக்கம்.

எட்டு வருஷமாய்த் தேயிலை பாக்டரியில்
வாடும் இலையைத் தொட்டே பதம் சொல்கிறேன்.
என்னைத் தொட்டுப் பார்க்க
மூன்று வருஷம் கூச்சப்பட்டிருக்கிறேன்.
அதற்குள் எத்தனை பேர் கேட்டாயிற்று,
'ஏதும் விசேஷம் உண்டா?'

யோகராசு கேரட் இறக்கிவிட்டு
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறான்.
போன் செய்தேன். பக்கத்தில் மாமியார்.
"இன்னிக்கு அதிரசம் சுடுறேன்" என்றேன்.
கொஞ்ச நேரம் லாரி இரைச்சல் மட்டும்.
"குஞ்சப்பனையில யானை நிக்குது.
ரோட்டோரம் பலா பழுத்திருச்சு,
நகர மாட்டேங்குது" என்றான்.
பிறகு, மெதுவாக,
"பாகு எத்தனை மணி வரைக்கும் தாங்கும்?"

எத்தனை மணி?
முட்டைக்கு ஒரு நாள் ஆயுசு.
யானைக்கு என்ன அவசரம்.
பழுத்ததை அதற்கு
எந்தக் காலண்டர் கிழித்துச் சொன்னார்கள்?

மூன்றாம் தொட்டியில் ஒரு பிடி இலை அள்ளினேன்.
இறுக்கினேன், விட்டேன்.
பிரியாமல் உருண்டையாகவே நின்றது.
"இறக்கலாம் சார்" என்றேன்.

அவர் மீட்டரைப் பார்த்துவர
மாடிக்குப் போனார்.